முதல் கொள்கையில் வகைக்கெழு: பிழை பிறந்த வரியைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாலையில் என்னிடம் கணக்கு படிக்க வரும் ஒரு மாணவி நோட்டைத் திறந்து மேசையில் வைத்தாள். 3x² − 5x + 2 என்ற சார்பின் வகைக்கெழுவை முதல் கொள்கையிலிருந்து காண வேண்டும். அழித்து அழித்து எழுதியதில் கடைசி வரி இருந்த இடத்தில் தாள் நைந்து ஓட்டையே விழுந்திருந்தது. "நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன் சார், 6x − 5 வரவே மாட்டேன் என்கிறது" என்றாள். ஓட்டை விழுந்தது கடைசி வரியில். பிழை இருந்ததோ இரண்டாம் வரியில்.

பெரும்பாலான பிள்ளைகள் செய்வது இதுதான். பிழை கண்ணில் படும் இடத்தைத் திருத்துகிறார்கள். அது பிறந்த இடம் மேலே பத்திரமாக இருக்கிறது. ஆகவே இங்கே நோய்க்குறியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் தாளில் என்ன தெரிகிறது என்று பாருங்கள், எந்த வரிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்கிறேன்.

முதல் கொள்கை என்பது வகைக்கெழுவின் வரையறைதான். அதை ஒருமுறை நினைவில் கொள்வோம். h பூஜ்ஜியத்தை நெருங்கும்போது

[f(x + h) − f(x)] / h

எந்த மதிப்பை நெருங்குகிறதோ, அந்த எல்லைதான் f′(x), அதாவது வகைக்கெழு. வளைவரையின் மேல் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு வெட்டுக்கோடு போடுகிறோம். ஒரு புள்ளியை மற்றதை நோக்கி நகர்த்துகிறோம். வெட்டுக்கோட்டின் சாய்வு தொடுகோட்டின் சாய்வை நெருங்குகிறது. (இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் வகைக்கெழுவைப் பெறுதி என்றும், தொடுகோட்டைத் தொடலி என்றும், சாய்வைப் படித்திறன் என்றும் வாசித்துக்கொள்ளலாம். கணக்கு ஒன்றுதான்.)

குறி: தொகுதியில் h இல்லாத உறுப்பு மிச்சம் நிற்கிறது

அந்த மாணவியின் தாளில் இருந்தது இதுதான். தொகுதியைச் சுருக்கியபின் அவளுக்குக் கிடைத்தது:

6xh + 3h² − 5h − 10x + 4

கடைசி இரண்டு உறுப்புகளில் h இல்லை. ஆகவே h-ஆல் வகுக்க முடியவில்லை. வகுத்தே தீருவது என்று −10x + 4-ஐ ஒருமுறை அடித்துவிட்டாள், இன்னொரு முறை h-ஐ மட்டும் அடித்துவிட்டாள், அப்படித்தான் தாள் ஓட்டையானது.

இங்கே ஒரு விதி இருக்கிறது. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிக் கணக்குகளில் நீங்களே உங்கள் ஆசிரியர். விரித்து எழுதிய தொகுதியில் h = 0 என்று போடுங்கள். பூஜ்ஜியம் வந்தே ஆக வேண்டும். ஏனென்றால் h = 0 எனில் f(x + h) என்பது f(x)-தான்; ஒன்றிலிருந்து அதையே கழித்தால் மிச்சம் ஏது? மிச்சம் இருக்கிறது என்றால் எல்லை காண்பதில் தவறு இல்லை, வகுப்பதிலும் தவறு இல்லை. தொகுதி அமைந்த வரியிலேயே தவறு. கீழே எதையும் தொடாமல் மேலே போங்கள்.

மேலே போனால் என்ன தெரியும்? அவள் எழுதியது:

3(x + h)² − 5(x + h) + 2 − 3x² − 5x + 2

f(x)-ஐ அடைப்புக்குறி இல்லாமல் கழித்திருக்கிறாள். கழித்தல் குறி முதல் உறுப்பான 3x²-ஐ மட்டும் தொட்டு நின்றுவிட்டது. எழுத வேண்டியது − (3x² − 5x + 2), அதாவது − 3x² + 5x − 2.

இந்தப் பிழைக்குத் தனி அடையாளம் உண்டு: மிச்சம் நிற்பது, குறி மாறாமல் தப்பிய உறுப்புகளின் சரியாக இரண்டு மடங்காக இருக்கும். தப்பியவை −5x + 2. மிச்சம் −10x + 4. மிச்சத்தைப் பாதியாக்கிப் பாருங்கள், அது f(x)-இன் ஒரு துண்டாக இருந்தால் அடைப்புக்குறிதான் குற்றவாளி. வேறு சோதனையே வேண்டாம்.

சரியாக எழுதினால் தொகுதியில் 6xh + 3h² − 5h மட்டும் நிற்கும். h-ஆல் வகுத்தால் 6x + 3h − 5. h பூஜ்ஜியத்தை நெருங்க, 6x − 5. அவளே அதை எழுதி முடித்தபோது பேனாவை வைத்துவிட்டு நீண்ட நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் நான் இந்த வேலையைச் செய்கிறேன்.

குறி: விடை வந்துவிட்டது, ஆனால் ஏதோ குறைகிறது

இது முந்தையதைவிட ஆபத்து. மேலே சொன்ன சோதனையில் தேறிவிடும், வகுத்தலும் சுமுகமாக முடியும், விடை மட்டும் தவறு.

எந்தச் சார்பைக் கொடுத்தாலும் உங்களுக்கு 1 என்று வருகிறதா? f(x + h) என்பதை f(x) + h என்று எழுதியிருக்கிறீர்கள். f(x) போய்விடும், h/h மிஞ்சும், எல்லாச் சார்புக்கும் 1. f(x + h) என்றால் சார்பில் x இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் (x + h) என்று அடைப்புக்குறியோடு வைப்பது. பழகும்வரை ஒரு சின்ன வழி சொல்கிறேன்: முதலில் x-க்குப் பதில் வெறும் கட்டம் போட்டு எழுதுங்கள், 3□² − 5□ + 2 என்று. பிறகு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் (x + h)-ஐ நிரப்புங்கள். சிறுபிள்ளை வேலை போலத் தெரியும். செய்யுங்கள்.

விடையில் x உள்ள உறுப்பு காணாமல் போய், 6x − 5-க்குப் பதில் வெறும் −5 வருகிறதா? (x + h)²-ஐ x² + h² என்று விரித்திருக்கிறீர்கள். நடுவில் இருக்க வேண்டிய 2xh போய்விட்டது. முதல் கொள்கையில் அந்த நடு உறுப்புதான் உயிர். h² எப்படியும் கடைசியில் மறைந்துவிடும், x² கழிந்துவிடும். விடையாக நிற்கப்போவது 2xh மட்டுமே. அதைத் தொலைத்தால் வகைக்கெழுவையே தொலைத்தது போல.

இதைப் பிடிக்க எண்ணைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. x = 1, h = 1 எனில் f(2) = 12 − 10 + 2 = 4. உங்கள் விரிவில் அதே எண்களைப் போடுங்கள். சரியான விரிவு 3 + 6 + 3 − 5 − 5 + 2 = 4 தரும். 2xh தொலைந்த விரிவு −2 தரும். அரை நிமிடம் ஆகாது.

குறி: 0/0 வந்து நின்றுவிட்டது

h = 0 என்று உடனே போட்டால் எல்லாக் கணக்கிலும் 0/0 வரும். "விடை இல்லை" என்றோ "0" என்றோ எழுதிவிடாதீர்கள். 0/0 என்பது தேரப்பெறாத வடிவம். இன்னும் வேலை இருக்கிறது என்று அது சொல்கிறது. தொகுதியில் h-ஐக் காரணியாக வெளியே எடுங்கள், பகுதியில் உள்ள h-ஓடு அடியுங்கள், அதன்பிறகே எல்லை.

இங்கே சில பிள்ளைகள் ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள். h பூஜ்ஜியம் இல்லை என்று சொல்லித்தானே வகுத்தோம், பிறகு எப்படி பூஜ்ஜியம் என்று போடுகிறோம்? இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை அதட்டி உட்கார வைக்கக் கூடாது. 1734-இல் ஐரிஷ் தத்துவ அறிஞர் ஜார்ஜ் பெர்க்லி நியூட்டனின் முறையை நோக்கி எழுப்பிய கேள்வி இதுவேதான். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அன்று அதற்குத் தெளிவான பதில் இல்லை. 1820-களில் பிரெஞ்சுக் கணிதர் கோஷி எல்லை என்ற கருத்தை அடித்தளமாக வைத்து வகைக்கெழுவை வரையறுத்தபோதுதான் வழி தெளிந்தது. பதில் இது: நாம் h-ஐப் பூஜ்ஜியம் ஆக்குவதே இல்லை. h ≠ 0 என இருக்கும்போது அந்தப் பின்னமும் 6x + 3h − 5-உம் ஒன்றே. h பூஜ்ஜியத்தை நெருங்கும்போது 6x + 3h − 5 எதை நெருங்குகிறது என்று மட்டும் கேட்கிறோம். அது தொடர்ச்சியான கோவை என்பதால் h = 0 போட்டால் வரும் மதிப்பையே நெருங்குகிறது. அவ்வளவுதான். ஆகவே விடைத்தாளில் எல்லைக் குறியை (lim) வகுத்து முடிக்கும்வரை ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். h மறையும் வரியில்தான் அதை விட வேண்டும்.

குறி: வர்க்கமூலக் கணக்கில் விடை பாதியாக வருகிறது, அல்லது h வெளியே வர மறுக்கிறது

f(x) = √(2x + 1) என்று வைத்துக்கொள்வோம். தொகுதி √(2x + 2h + 1) − √(2x + 1). இதன் இணையான √(2x + 2h + 1) + √(2x + 1)-ஆல் மேலும் கீழும் பெருக்கினால், மேலே (2x + 2h + 1) − (2x + 1) = 2h. கீழே h பெருக்கல் அந்த இணை. h-ஐ அடித்தால் 2 / [√(2x + 2h + 1) + √(2x + 1)]. எல்லை 1/√(2x + 1).

உங்களுக்கு 1/[2√(2x + 1)] என்று வந்தால், 2(x + h) என்பதை 2x + h என்று எழுதியிருக்கிறீர்கள். h-க்கு முன்னே இருக்க வேண்டிய 2 விட்டுப்போனது, விடை பாதியாகிவிட்டது. h வெளியே வரவில்லை என்றால் பகுதியைப் பெருக்கி விரித்துவிட்டீர்கள். பகுதியை விரிக்கவே விரிக்காதீர்கள். தொகுதியை மட்டும் விரியுங்கள். பகுதியில் h தனியே, இணை தனியே நிற்கட்டும்.

1/x போன்ற பின்னச் சார்பில் வழக்கமான குறி வேறு: கழித்தல் அடையாளம் தொலைந்து 1/x² என்று வரும். பொதுப் பகுதி எடுத்தால் தொகுதி x − (x + h), அதாவது −h. மறுபடியும் அடைப்புக்குறிதான். இங்கே படத்தைப் பார்த்தே பிழையைப் பிடிக்கலாம். x > 0-இல் 1/x-இன் வளைவரை இறங்கிக்கொண்டே போகிறது. இறங்கும் கோட்டுக்குச் சாய்வு எப்படி மிகையாகும்?

குறி: வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று

|x − 2|-க்கு x = 2-இல் h மிகை எனில் |h|/h = 1, குறை எனில் −1. இரண்டும் ஒத்துப்போகவில்லை, வகைக்கெழு இல்லை. இது உங்கள் பிழை அன்று, அதுவே விடை. அந்த இடத்தில் வளைவரை கூர்முனையாக மடிகிறது.

இதைவிட எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. x ≤ 1 எனில் f(x) = x², x > 1 எனில் f(x) = 2x + 3. x = 1-இல் வகைக்கெழு உண்டா? சூத்திரம் தெரிந்த பிள்ளைகள் உடனே சொல்வார்கள்: இந்தப் பக்கம் 2x, அதாவது 2; அந்தப் பக்கமும் 2; ஆகவே f′(1) = 2. நம்பும்படியாகத்தான் இருக்கிறது. வரையறைக்குப் போங்கள். f(1) = 1. வலப்பக்கத்தில் [2(1 + h) + 3 − 1]/h = (4 + 2h)/h. h சிறிதாகச் சிறிதாக இது எல்லையின்றிப் பெருகுகிறது. வகைக்கெழு இல்லை. காரணம், x = 1-இல் சார்பு 1-லிருந்து 5-க்குத் தாவுகிறது. இரண்டு துண்டுகளும் ஒரே சாய்வில் இருந்தாலும் அவை ஒட்டிக்கொள்ளவே இல்லை. தொடர்ச்சி இல்லாத இடத்தில் வகைக்கெழு கிடையாது. சூத்திரம் வந்தபிறகும் முதல் கொள்கை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் எடுத்துப் போடுவேன்.

x-இன் கனமூலத்துக்கு x = 0-இல் நிலைமை சற்று வேறு. பின்னம் இருபக்கமும் மிகை முடிவிலிக்குப் போகும். முடிவுறு வகைக்கெழு இல்லை, ஆனால் தொடுகோடு இருக்கிறது: செங்குத்தான x = 0 என்ற கோடு.

குறி: கால்குலேட்டரில் சரிபார்த்தால் பொருந்தவில்லை

x²-க்கு x = 3-இல் சாய்வு 6. h = 0.1 போட்டால் 6.1, 0.01 போட்டால் 6.01, −0.01 போட்டால் 5.99. இரண்டு பக்கமிருந்தும் 6-ஐ நெருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இதைக் கண்டு உற்சாகமாகி, கணினியில் h = 10⁻¹⁶ என்று போட்டுப் பார்த்தால் விடை 0 வரும். கணக்கு தவறில்லை. கணினியில் பொதுவாகப் பயன்படும் இரட்டைத் துல்லிய எண்கள் ஏறத்தாழ 16 இலக்கங்களையே வைத்திருக்கும். 3-உடன் 10⁻¹⁶-ஐக் கூட்டினால் அதற்குத் தெரிவது வெறும் 3, கழித்தால் 0. h-ஐ 10⁻⁸ அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சைன் சார்புக்கு x = 0-இல் 1 வர வேண்டிய இடத்தில் 0.01745 வந்தால் கால்குலேட்டர் பாகையில் இருக்கிறது. அந்த எண் π/180. ரேடியனுக்கு மாற்றுங்கள்.

குறி: வகைக்கெழு சரி, தொடுகோடு தவறு

3x² − 5x + 2-க்கு x = 2-இல் தொடுகோடு வேண்டும். f(2) = 4, f′(2) = 7. ஆகவே y − 4 = 7(x − 2), அதாவது y = 7x − 10.

உங்கள் விடையில் x² இருக்கிறதா? y − 4 = (6x − 5)(x − 2) என்று எழுதியிருப்பீர்கள். விரித்தால் y = 6x² − 17x + 14. x = 2 போட்டால் 4 வரத்தான் செய்கிறது, அதனால் ஏமாந்துபோகிறோம். ஆனால் இது நேர்கோடே இல்லை, பரவளையம். 6x − 5 என்பது எல்லாப் புள்ளிகளுக்குமான சாய்வுச் சார்பு. தொடுகோட்டுக்கு வேண்டியது ஒரு புள்ளியின் சாய்வு, ஓர் எண். சமன்பாட்டில் வைக்கும் முன்பே x = 2-ஐப் போட்டுவிடுங்கள்.

கோடு அந்தப் புள்ளி வழியே போகவில்லையா? y − 7 = 7(x − 2) என்று, சாய்வை y ஆயத்தொலைவின் இடத்தில் வைத்திருப்பீர்கள். y-இன் மதிப்பு f-இலிருந்து வரும், சாய்வு f′-இலிருந்து வரும்.

விடை சரிதானா என்று உறுதிசெய்ய ஓர் அழகான வழி இருக்கிறது. வளைவரையிலிருந்து கோட்டைக் கழியுங்கள்: 3x² − 5x + 2 − (7x − 10) = 3x² − 12x + 12 = 3(x − 2)². வர்க்கம் வந்துவிட்டது. x = 2 இரட்டை மூலமாக வந்தால் அங்கே கோடு தொடுகிறது; ஒற்றை மூலமாக வந்தால் வெறுமனே வெட்டிப்போகிறது. பல்லுறுப்புக் கோவைகள் எல்லாவற்றுக்கும் இது செல்லும்.

இதே சோதனை இன்னொரு பயத்தையும் போக்கும். y = x³-க்கு x = 1-இல் தொடுகோடு y = 3x − 2. படம் வரைந்தால் அந்தக் கோடு x = −2-இல் வளைவரையை மறுபடியும் சந்திக்கிறது. "தொடுகோடு ஒரே இடத்தில்தானே தொட வேண்டும்?" என்று சரியான விடையை அடித்துவிடும் பிள்ளைகள் உண்டு. வட்டத்துக்குப் படித்த விதி அது, எல்லா வளைவரைக்கும் செல்லாது. x³ − 3x + 2 = (x − 1)²(x + 2). x = 1-இல் இரட்டை மூலம், தொடுகிறது. x = −2-இல் ஒற்றை மூலம், வெட்டுகிறது. இரண்டும் சரி.

கடைசியாக, வினாவைச் சரியாக வாசிக்காததால் வரும் பிழை. "(1, −3) என்ற புள்ளியிலிருந்து y = x²-க்குத் தொடுகோடுகள் காண்க." f′(1) = 2 என்று எடுத்து y + 3 = 2(x − 1), அதாவது y = 2x − 5 என்று முடித்துவிடுவார்கள். x² − 2x + 5 = 0-க்குத் தன்மைகாட்டி 4 − 20 = −16; அந்தக் கோடு வளைவரையைத் தொடவே இல்லை. (1, −3) வளைவரையின் மேல் இல்லை என்பதைப் பார்க்கத் தவறியதுதான் காரணம். x = 1 எனில் வளைவரையில் y = 1.

தொடும் புள்ளி நமக்குத் தெரியாது. அதை (a, a²) என்று வையுங்கள். அங்கே சாய்வு 2a, தொடுகோடு y = 2ax − a². அது (1, −3) வழியே போக வேண்டும்: −3 = 2a − a², அதாவது a² − 2a − 3 = 0. a = 3 அல்லது a = −1. தொடுகோடுகள் y = 6x − 9, y = −2x − 1. இரண்டிலும் x = 1 போட்டுப் பாருங்கள்: 6 − 9 = −3, −2 − 1 = −3.